எக்ஸெக்மெம் ரிவ்யூ: லினக்ஸ் கர்னல்ல ஓடுற கோடுக்கு இடம் கொடுக்கிற வசதியை நம்பலாமா

எடுத்த எடுப்புலயே மார்க் சொல்லிடுறேன், 5க்கு 4. லினக்ஸ் 6.10ல, அதாவது 2024 ஜூலைல, எக்ஸெக்மெம்னு ஒரு வசதி கர்னலுக்குள்ள (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) வந்துச்சு, இதை முன்னாடி நின்னு கொண்டுவந்தவர் கர்னல் டெவலப்பர் மைக் ராப்போபோர்ட். கர்னல் பூட் ஆன பிறகு புதுசா உள்ள வர்ற கோடுக்கு மெமரி ஒதுக்கித் தர்றதுதான் இதோட வேலை, பெரும்பாலானவங்க இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாம தினமும் இது மேலதான் சர்வர் ஓட்டிட்டு இருக்காங்க. டிரைவர் எழுதுறவங்க, பிபிஎஃப் (கர்னலுக்குள்ள ஓட்டுற சின்ன ப்ரோகிராம்) வச்சு மானிட்டரிங் பண்றவங்க, கர்னல் செக்யூரிட்டி பாக்குறவங்க மூணு பேருக்கும் இது முக்கியமான விஷயம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல இதுக்கு முன்னாடி நிலைமை என்னன்னு பாத்துடலாம். கர்னல் மாட்யூல் (டிரைவர் மாதிரி, தேவைப்படும்போது கர்னல்ல சேர்க்கிற கோடு) லோட் பண்ணும்போது அதோட கோடை ஒரு இடத்துல வைக்கணும், பிபிஎஃப் ப்ரோகிராமை ஜிட் கம்பைல் பண்ணா, அதாவது அப்பவே மெஷின் கோடா மாத்தினா, வர்ற மெஷின் கோடையும் எங்கயாவது வைக்கணும், கேப்ரோப் (ஓடுற கர்னல் கோட்ல குறிச்ச இடத்துல நிறுத்திப் பாக்குற கருவி) வச்சா அது மூடி மறைக்கிற இன்ஸ்ட்ரக்ஷனோட காப்பிக்கு இடம் வேணும், ஃபங்ஷன் எப்ப கூப்பிடப்படுதுன்னு டிரேஸ் பண்ற எஃப்ட்ரேஸ் தன்னோட டிராம்போலினுக்கு (வேற கோடுக்குத் தாவ வைக்கிற சின்னக் கோடு) இடம் கேட்கும். இவங்க எல்லாருமே மாட்யூல் அல்லாக்னு ஒரே ஒரு ஃபங்ஷன் வாசல்லதான் நின்னாங்க. பேரைப் பாத்தாலே புரியும், அது மாட்யூலுக்காக எழுதினது, மத்தவங்க எல்லாம் வேற வழி இல்லாம அங்க வந்தவங்க. அதனால என்ன ஆச்சுன்னா, செக்யூரிட்டிக்காக மாட்யூல் லோடிங்கையே கான்ஃபிக்ல ஆஃப் பண்ணி கர்னல் கட்டுறவங்களுக்கு கேப்ரோப்பும் கிடைக்காது பிபிஎஃப் ஜிட்டும் கிடைக்காது. மாட்யூலே வேணாம்னு சொல்ற அளவுக்கு ஜாக்கிரதையா இருக்கிற ஆளுக்கு பிரச்சனை வந்தா டிரேஸ் பண்ணிப் பாக்குற கருவி இல்லாம போறது ரொம்ப அநியாயமா எனக்குப் பட்டது. 6.10ல அந்தக் கட்டு அவிழ்ந்துச்சு, மாட்யூல் இல்லாமலே கேப்ரோப் வச்சு கர்னல் கட்டலாம். இதுக்கு மட்டுமே 2 மார்க் கொடுக்கலாம்.

டிசைன் பத்தி. யார் கேக்குறாங்கன்னு சொல்லித்தான் இப்ப மெமரி கேக்கணும். மாட்யூல் கோடு, மாட்யூல் டேட்டா, கேப்ரோப், எஃப்ட்ரேஸ், பிபிஎஃப்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வகை இருக்கு. ஒவ்வொரு ஆர்க்கிடெக்சரும் (எக்ஸ்86, ஆர்ம் மாதிரி சிபியு வகை) பூட் ஆகும்போது ஒரே ஒரு தடவை ஒரு டேபிள் நிரப்பிக் கொடுத்துடும், இந்த வகைக்கு இந்த அட்ரஸ்ல ஆரம்பிச்சு இதுவரைக்கும், அலைன்மென்ட் இவ்வளவு, பெர்மிஷன் இது, அங்க இடம் தீர்ந்தா அடுத்து இங்க பாருன்னு. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா பழைய கோடைப் படிச்சவங்களுக்குத் தெரியும், ஆர்க்கிடெக்சர் ஒவ்வொண்ணும் அந்த மாட்யூல் அல்லாக்கை தன் இஷ்டத்துக்கு திருப்பி எழுதி வச்சிருந்துச்சு, ஏன்னா அட்ரஸ் எங்க வேணா இருக்க முடியாது. எக்ஸ்86-64ல கால் இன்ஸ்ட்ரக்ஷன் 32 பிட் தூரம்தான் தாவும், அதனால மாட்யூல் கோடு கர்னல் இமேஜ்லேர்ந்து 2 ஜிபிக்குள்ள இருந்தாகணும். ஆர்ம்64ல நேரடி பிராஞ்ச் ரெண்டு பக்கமும் 128 எம்பிதான் போகும், அதைத் தாண்டினா நடுவுல ஒரு தாவல் கோடு வைக்கணும். இந்தக் கணக்கு எல்லாம் இப்ப ஒரு டேபிள்ல கண்ணுக்கு எதிர்ல தெரியுது. படிச்சு சரி பாக்க முடியுது.

இப்ப மெயின் விஷயத்துக்கு வர்றேன், ஒரு மெமரி பக்கம் (பேஜ்) ஒரே நேரத்துல எழுதவும் ஓடவும் அனுமதி வச்சிருக்கக் கூடாது. கர்னல்ல எங்கயோ ஒரு பக் இருந்து, அதை வச்சு ஒருத்தன் நினைச்ச அட்ரஸ்ல நாலு பைட் எழுத முடிஞ்சா, அப்படிப்பட்ட பக்கம் ஒண்ணு கிடைச்சா போதும், அவன் கோடு கர்னலா ஓடும். 2017ல வந்த 4.11லேர்ந்து இதுக்கான கான்ஃபிக் ஸ்ட்ரிக்ட் கர்னல் ஆர்டபிள்யூஎக்ஸ்ங்கிற பேர்ல இருக்கு, இன்னைக்கு பெரிய டிஸ்ட்ரோ எல்லாத்துலயும் ஆன்தான். ஆனா பழைய முறைல வரிசை எப்படின்னா, மெமரியை எழுதக்கூடியதா வாங்கு, கோடை எழுது, அப்புறம் ரீட் ஒன்லியா மாத்து, அப்புறம் ஓடக்கூடியதா மாத்து. ரெண்டும் ஒரே நேரத்துல இல்லைங்கிறது சரிதான், ஆனா எழுதிட்டு இருக்கிற அந்த இடைவெளில வேற சிபியுலேர்ந்து வேற ஒரு த்ரெட் அதே அட்ரஸ்ல கை வைக்கலாம், அப்புறம் நம்மளே அதுக்கு ஓடுற அனுமதி கொடுத்துடுவோம்.

இதுல பெர்ஃபார்மன்ஸ் பிரச்சனையும் சேர்ந்து இருக்கு. பிபிஎஃப் ப்ரோகிராம் பல நேரம் சில நூறு பைட்தான் வரும், அதுக்கு ஒரு முழு 4 கேபி பக்கம். அதைவிட மோசம், அந்தப் பக்கத்தோட பெர்மிஷனை மாத்தினா கர்னலோட டைரக்ட் மேப்ல (ரேம் முழுசையும் காட்டுற மேப்) அதே ரேமைக் காட்டுற இன்னொரு மேப்பிங்கையும் மாத்தணும், அது 2 எம்பி பெரிய பக்கமா இருந்தா உடைச்சு 4 கேபி துண்டு ஆக்கணும், இப்படி உடைஞ்சுகிட்டே போனா டிஎல்பி (அட்ரஸ் மாத்தத்தை ஞாபகம் வச்சுக்கிற சிபியு கேஷ்) மிஸ் ஏறும், சம்பந்தமே இல்லாத வேலை எல்லாம் மெதுவாகும். சாங் லியு 5.18ல (2022) பிபிஎஃப் ப்ரோக் பேக்னு கொண்டு வந்தது இதுக்குத்தான், ஒரு 2 எம்பி அளவு இடத்தை எடுத்து, ரீட் ஒன்லி ப்ளஸ் ஓடக்கூடியதா பூட்டி வச்சு, அதுக்குள்ள 64 பைட் கணக்குல துண்டு போட்டு நிறைய ப்ரோகிராமை ஒண்ணா வைக்கிறது. ஜிட் தனியா ஒரு பஃபர்ல எழுதும், முடிஞ்ச பிறகு டெக்ஸ்ட் போக் (பூட்டின கோடு பக்கத்துல எழுதுற கர்னல் முறை) வழியா காப்பி ஆகும். எக்ஸெக்மெம் அடுத்து எடுத்த ஆர்ஓஎக்ஸ் (ரீட் ஒன்லி, ஆனா ஓடக்கூடியது) கேஷும் இதே யோசனைதான், ஆனா எல்லாருக்கும் பொதுவா. கேஷுக்கு வர்ற 2 எம்பி முழுக்க ஓடினா உடனே டிராப் ஆகுற, அதாவது பிழைன்னு நின்னுடுற, இன்ஸ்ட்ரக்ஷனை நிரப்பி வைப்பாங்க, தப்பித் தவறி வெத்து இடத்துக்கு கன்ட்ரோல் தாவினா அங்கயே மாட்டும். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

மெமரியைத் திருப்பிக் கொடுக்கிறதும் ஒதுக்குற அளவுக்கு ஆபத்துதான். 5.2ல (2019) ரிக் எட்ஜ்கோம்ப் ஒரு ஃப்ளாக் கொண்டு வந்தார், விடுவிக்கும்போது பெர்மிஷனை ரீசெட் பண்ணி டிஎல்பியையும் ஃப்ளஷ் பண்ணிட்டுதான் பக்கம் பொது கிடங்குக்குப் போகும். அது இல்லாத காலத்துல பழைய ஓடக்கூடிய மேப்பிங் டிஎல்பில ஒட்டிட்டு இருக்கும்போதே அந்த ரேம் வேற யாருக்கோ எழுதக் கிடைச்சுடலாம்.

அடுத்து அப்டேட். ஏற்கனவே ஓடிட்டு இருக்கிற கோடை மாத்துறது. இதுல லினக்ஸ் பட்ட அடி ஒண்ணு இருக்கு, 2008ல நடந்தது. 2.6.27க்கான வேலை நடந்துட்டு இருக்கு, டைனமிக் எஃப்ட்ரேஸ் புதுசு. இன்டெலோட இ1000இ நெட்வொர்க் கார்டு வச்சிருந்தவங்களுக்கு கார்டுல இருக்கிற என்விஎம் (பவர் போனாலும் அழியாத) மெமரி அழிஞ்சு கார்டே வேலை செய்யாம போச்சு. எல்லாரும் முதல்ல டிரைவரைத்தான் சந்தேகப்பட்டாங்க. கடைசில காரணம் எஃப்ட்ரேஸ். அது மாத்த வேண்டிய இடங்களோட அட்ரஸைக் குறிச்சு வச்சிருந்துச்சு, அதுல மாட்யூலோட இனிஷியலைசேஷன் கோடு இருந்த அட்ரஸும் உண்டு, அந்தக் கோடு வேலை முடிஞ்சதும் விடுவிக்கப்பட்டு அதே அட்ரஸ்ல கார்டோட என்விஎம் மேப் ஆகி இருந்துச்சு. எஃப்ட்ரேஸ் கம்பேர் அண்ட் எக்ஸ்சேஞ்ச் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டுச்சு, மதிப்பு ஒத்துப்போகலன்னா மாத்தாதுன்னு நம்பி. ஆனா அந்த இன்ஸ்ட்ரக்ஷன் ஒத்துப்போகலன்னாலும் பழைய மதிப்பையே திருப்பி எழுதும், சாதாரண ரேம்ல அதனால ஒண்ணும் ஆகாது, ஹார்டுவேர் ரெஜிஸ்டர்ல அது நிஜமான எழுத்து. 2.6.27.1ல டைனமிக் எஃப்ட்ரேஸை மூடி வச்சாங்க, எஃப்ட்ரேஸை எழுதின ஸ்டீவன் ராஸ்டெட் அப்புறம் அதோட அடிப்படையையே மாத்தி எழுதினார், மாத்த வேண்டிய இடங்களை கம்பைல் நேரத்துலயே பட்டியல் எடுக்கிற முறை வந்துச்சு. கோடை அப்டேட் பண்ற வேலைல அட்ரஸ் இன்னும் கோடுதானான்னு தெரியாம கை வைக்கக் கூடாதுன்னு நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

இப்ப எக்ஸ்86ல டெக்ஸ்ட் போக் எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க, இந்த மொத்த பேக்கேஜ்லயே தரமான பகுதின்னா இதுதான். கர்னல் கோடு இருக்கிற பக்கம் ரீட் ஒன்லி, அதைத் தொடவே மாட்டாங்க. அதுக்குப் பதிலா போக்கிங் எம்எம்னு தனி அட்ரஸ் ஸ்பேஸ் ஒண்ணு பூட்லயே உருவாக்கி வச்சிருப்பாங்க, அதுல யூசர் பக்கத்து அட்ரஸ் ஒண்ணை ரேண்டமா தேர்ந்தெடுத்து வச்சிருக்கும். மாத்தணும்னு வந்தா இன்டரப்டை நிறுத்தி, இந்த ஒரு சிபியு மட்டும் அந்த அட்ரஸ் ஸ்பேஸுக்கு மாறி, அதே ரேம் பக்கத்தை அங்க எழுதக்கூடியதா மேப் பண்ணி, எழுதி, மேப்பை எடுத்துட்டு, பழைய இடத்துக்கு மாறி, டிஎல்பி ஃப்ளஷ் பண்ணி, எழுதினது சரியா விழுந்துச்சான்னு ஒப்பிட்டும் பாக்கும், ஒத்துப்போகலன்னா கர்னல் அங்கயே நிக்கும். மத்த சிபியுக்கு அந்த எழுதக்கூடிய மேப்பிங் கண்ணுலயே படாது. நடவ் அமித் இதை எழுதினது, 5.2ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஃபிக்ஸ்மேப்னு எல்லா சிபியுவும் பாக்கக்கூடிய இடத்துல மேப் பண்ணிட்டு இருந்தாங்க, அந்த நேரத்துல அட்ரஸ் தெரிஞ்ச எவனும் எழுதலாம்.

சரி எழுதியாச்சு, ஆனா அதே நேரத்துல வேற ஒரு சிபியு அந்த அஞ்சு பைட் கால் இன்ஸ்ட்ரக்ஷனை ஓட்டிட்டு இருந்தா? பாதி பழசு பாதி புதுசா படிச்சா அது எங்க தாவும்னு யாருக்கும் தெரியாது. ஓடுற ரயிலுக்கு முன்னாடி தண்டவாளத்தை மாத்துற வேலை இது. பழைய வழி எல்லா சிபியுவையும் நிறுத்தி வச்சுட்டு மாத்துறது, பெரிய சர்வர்ல அது தாங்காது. இப்ப மொத பைட்ல இன்ட்3 பிரேக்பாயிண்ட் வைப்பாங்க, அது ஒரே பைட்ங்கிறதால பாதி எழுத்துங்கிற பேச்சே இல்ல. எல்லா சிபியுவுக்கும் ஐபிஐ (ஒரு சிபியு இன்னொண்ணுக்கு அனுப்புற இன்டரப்ட்) அனுப்பி சிங்க் பண்ண வைப்பாங்க. அப்புறம் மிச்ச நாலு பைட்டை மாத்துவாங்க, மறுபடி சிங்க். கடைசில இன்ட்3 இருந்த இடத்துல புது மொத பைட், இன்னொரு சிங்க். நடுவுல யாராவது இன்ட்3ல முட்டினா அந்த ஹேண்ட்லர் புது இன்ஸ்ட்ரக்ஷன் என்ன செஞ்சிருக்குமோ அதை தானே செஞ்சு காட்டி அனுப்பிடும். ஜம்ப் லேபிள், ஸ்டாட்டிக் கால், எஃப்ட்ரேஸ்னு ஓடும்போதே கோடை மாத்துற வசதி எல்லாமே இந்த வழிலதான் போகுது, புரொடக்ஷன் சர்வர்ல டிரேஸ் ஆன் பண்ணும்போது நம்ம பயப்படாம இருக்கிறதுக்கு இந்த வரிசைதான் காரணம், இதை எழுதினவங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஆர்ம்64ல வேற கதை. அங்க இன்ஸ்ட்ரக்ஷன் கேஷ் தானா டேட்டா கேஷோட ஒத்துப்போகும்னு நம்ப முடியாது, கிளீன் பண்ணி இன்வாலிடேட் பண்ணி பேரியர் போடணும், அதோட பிராஞ்ச், நோப், பிரேக்பாயிண்ட் மாதிரி சில இன்ஸ்ட்ரக்ஷனை மட்டும்தான் ஓடிட்டு இருக்கும்போதே மாத்த ஆர்க்கிடெக்சர் அனுமதிக்குது, எழுதுறதும் இன்னும் ஃபிக்ஸ்மேப் வழியாத்தான். ஆர்ம் சர்வருக்கு மாறுறவங்க எக்ஸ்86ல கிடைச்ச அதே பாதுகாப்பு அங்கயும் அப்படியே இருக்குன்னு நினைச்சுடாதீங்க.

ஒரு மார்க் ஏன் குறைச்சேன்னு இப்ப சொல்றேன். ஆர்ஓஎக்ஸ் கேஷ் 6.13ல எக்ஸ்86-64ல மாட்யூல் கோடுக்கு வந்துச்சு. மாட்யூல் பிபிஎஃப் மாதிரி இல்ல, லோட் ஆகும்போது ரீலொகேஷன் (அட்ரஸை சரிசெய்றது), ஆல்டர்னேட்டிவ் (சிபியுக்கு ஏத்த கோடை மாத்தி வைக்கிறது), ரெட்பொலின் (ஸ்பெக்டர் ஓட்டைக்குத் தடுப்பு), சிஎஃப்ஐ (கோடு தப்பான இடத்துக்குத் தாவாம தடுக்கிறது)ன்னு பத்து பேர் வந்து அதோட கோடைத் திருத்துவாங்க. பக்கம் பூட்டி இருக்கிறதால எழுதுறதுக்கு தனியா ஒரு காப்பி வச்சு, ஒவ்வொரு இடத்துலயும் எழுத வேண்டிய அட்ரஸ் இது, ஓடப்போற அட்ரஸ் அதுன்னு ரெண்டையும் சுமந்துட்டு திரிஞ்சாங்க. பாட்ச் பண்ற கோடு ரொம்ப சிக்கலாச்சு, சிஎஃப்ஐல சில வகைகள் கிராஷ் ஆச்சு. கடைசில 6.13 ரிலீஸுக்கு சில நாள் முன்னாடி, 2025 ஜனவரில, கர்னல் டெவலப்பர் பீட்டர் ஸில்ஸ்ட்ரா அதை மூடிட்டார். மூடினது சரியான முடிவு. ஆனா அவ்வளவு தூரம் வர விட்டிருக்கக் கூடாது, கர்னலோட ஆணிவேர்ல கை வைக்கிற மாத்தம் சிஎஃப்ஐ கான்ஃபிக்கோட டெஸ்ட் ஆகாம மெயின்லைன் (அதிகாரப்பூர்வ கர்னல்) வந்தது எனக்கு வருத்தம்தான். அப்புறம் ராப்போபோர்ட் வேற மாதிரி எழுதினார், கேஷ்லேர்ந்து கொடுத்த துண்டை லோடிங் நேரத்துக்கு மட்டும் முதல்ல ஓட முடியாததா மாத்தி, அப்புறம் எழுதக்கூடியதா மாத்தி, திருத்தம் எல்லாம் முடிஞ்சதும் திரும்பப் பூட்டுறது. இதுல அந்த ரெண்டு அட்ரஸ் தலைவலி இல்ல. என்னைக்குமே எழுத முடியாதுங்கிற பெரிய வாக்குறுதி போயிடுச்சு, ஆனா ரெண்டு அனுமதியும் ஒரே நேரத்துல வராதுங்கிறது நிக்குது. எனக்கு இந்த சமரசம் ஓகே, புரிஞ்சுக்கக்கூடிய கோடுதான் பாதுகாப்பான கோடு. பயனும் உடனே தெரிஞ்சுது, 2025 மே மாசம் வெளியான இன்டெல் சிபியுவோட ஐடிஎஸ் ஓட்டைக்கு எக்ஸ்86 பக்கம் சின்னச் சின்ன தங்க் (இடைத் தாவல்) கோடை உருவாக்க வேண்டி வந்தப்ப இடம் வாங்க எக்ஸெக்மெம் தயாரா இருந்துச்சு.

விண்டோஸோட ஒப்பிட்டுக் கேக்குறவங்களுக்கு: அங்க எச்விசிஐங்கிற கோடு சரிபார்ப்பு ஆன்ல இருந்தா கர்னலுக்கும் கீழ ஓடுற ஹைப்பர்வைசர்தான் காவல், கையெழுத்து சரிபார்க்காத எந்தப் பக்கமும் கர்னல்ல ஓடவே ஓடாது, கர்னலே கெட்டுப்போனாலும் அந்த முடிவை மாத்த முடியாது. பாதுகாப்புன்னு பாத்தா அது லினக்ஸைவிட ஒரு படி மேலதான், ஒத்துக்கணும். ஆனா அதனாலேயே அங்க கர்னலுக்குள்ள ஜிட் நடக்காது, விண்டோஸுக்கான ஈபிபிஎஃப் ப்ரோகிராமை முன்கூட்டியே டிரைவரா கம்பைல் பண்ணி கையெழுத்து போட்டுத்தான் ஏத்துறாங்க. ரன்டைம்ல கோடு உருவாக்குற வசதியும் வேணும் பாதுகாப்பும் வேணும்னா லினக்ஸ் போற பாதைதான் எனக்கு நடைமுறைக்கு ஒத்துவருது.

வெளி டிரைவர் எழுதுறவங்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸெக்மெம் ஃபங்ஷனை மாட்யூலுக்கு எக்ஸ்போர்ட் பண்ணல, அது வேணும்னேதான். 2023ல பிகேஷ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்துக்கு கோடு ஜெனரேட் பண்ண ஓடக்கூடிய மெமரி கேட்டப்ப கூட கடுமையான எதிர்ப்பு வந்துச்சு, அது இல்லாமதான் 6.7ல உள்ள வந்துச்சு. ஒரு செக்யூரிட்டி ஏஜென்ட், பேர் வேணாம், சிஆர்0ங்கிற சிபியு ரெஜிஸ்டர்ல ரைட் ப்ரொடெக்ட் பிட்டை ஆஃப் பண்ணிட்டு நேரா கர்னல் கோட்ல எழுதுறதைப் பாத்திருக்கேன், அந்த நேரம் அந்த சிபியுல கர்னலோட எந்த ரீட் ஒன்லி பக்கமும் காவல் இல்லாம கிடக்கும், சிங்கும் இல்ல லாக்கும் இல்ல. 5.3லேர்ந்து கர்னல் அந்த பிட்டைப் பிடிச்சு வச்சுக்குது. கேப்ரோப், எஃப்ட்ரேஸ், பிபிஎஃப், லைவ்பாட்ச் (ரீபூட் இல்லாம கர்னலைத் திருத்துறது)னு நாலு நேர்வழி இருக்கும்போது குறுக்கு வழி போற டிரைவரை உங்க சர்வர்ல ஏத்தாதீங்க.

உங்க மெஷின்ல செக் பண்ண: கர்னல்ல டீபக் டபிள்யூஎக்ஸ் கான்ஃபிக் ஆன்ல இருந்தா பூட் லாக்ல டபிள்யூ ப்ளஸ் எக்ஸ் மேப்பிங் தேடினதோட ரிசல்ட் ஒரு வரியா வரும், அதுல பாஸ்னு இருக்கணும், வார்னிங் வந்தா விடாதீங்க, எந்த டிரைவர்னு தேடுங்க. பூட் பாராமீட்டர்ல ரோடேட்டா ஆஃப்னு யாராவது எப்பவோ டீபக்குக்காகப் போட்டு அப்படியே விட்டிருந்தா எடுத்துடுங்க. பல பேர் ஷேர் பண்ற மெஷினா இருந்தா பிபிஎஃப் ஜிட் ஹார்டன்ங்கிற செட்டிங்கை 2ல வைங்க, கான்ஸ்டன்ட் வழியா கோடை ஒளிச்சுக் கொண்டுவர்ற ஜிட் ஸ்ப்ரேக்கு அதுதான் தடுப்பு, கொஞ்சம் ஸ்பீட் குறையும், பரவாயில்ல.

ஐந்தாவது மார்க் கொடுக்கணும்னா எனக்கு வேண்டியது ரெண்டு. ஒண்ணு, ஜிட் முதல்ல எழுதுற அந்தத் தனி பஃபர் காப்பி ஆகுறதுக்கு முன்னாடி இன்னும் எல்லா சிபியுவுக்கும் எழுதக்கூடியதாதான் இருக்கு, பூட்டின பக்கத்துக்குப் போற வழில ஒருத்தன் அங்க மாத்திட்டா டெக்ஸ்ட் போக் அதை அப்படியே பத்திரமா கொண்டு போய் வச்சுடும், அதையும் போக்கிங் எம்எம் மாதிரி ஒரு சிபியுக்கு மட்டும் தெரியுற மேப்பிங்ல கொண்டு வரணும். இன்னொண்ணு, ஃபிக்ஸ்மேப்பை விட்டுட்டு ஆர்ம்64லயும் டெக்ஸ்ட் போக் அதே தனி அட்ரஸ் ஸ்பேஸ் முறைக்கு வரணும்.